பனியன் கம்பெனியில டெக்னாலஜிக்கு எதுக்கு, எவ்வளவு செலவு பண்றது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர்ல எக்ஸ்போர்ட் கம்பெனிகள்ல மொதல்ல அக்கவுண்ட்ஸ், அப்புறம் சிஸ்டம்ஸ்னு பதினாலு வருஷமா வேலை பாக்கறேங்க. ஒவ்வொரு பிப்ரவரி மார்ச்லயும் அடுத்த வருஷ பட்ஜெட் பேச்சு ஆரம்பிச்சதும் ஓனர்கள், மேனேஜர்கள், அப்பாகிட்ட இருந்து கம்பெனிய எடுத்து நடத்த ஆரம்பிச்சிருக்கற பசங்கன்னு நெறைய பேர் என்கிட்ட கேக்கறது கிட்டத்தட்ட ஒரே கேள்விங்கதான். அதுக்கு நான் சொல்ற பதில்களை இங்க எழுதி வைக்கறேன். கணக்கெல்லாம் 40 கோடி டர்ன்ஓவர் பண்ற ஒரு கம்பெனிய மனசுல வச்சு போட்டது, உங்க நம்பரை வச்சு நீங்க மாத்தி போட்டுக்கோங்க.

டெக்னாலஜி பட்ஜெட்டை தொழில் இலக்கோட சேக்கணும்னு சொல்றாங்களே, அப்படின்னா என்னங்க?

இந்த வருஷம் கம்பெனி எதை சரி பண்ணணும்னு ஓனர் ஒரு வரி எழுதணும், அந்த வரிக்கு வேலை செய்யற செலவை மட்டும் பட்ஜெட்ல ஏத்தணும், அவ்வளவுதான். ஆனா அந்த ஒரு வரி எழுதறதுதான் கஷ்டம். "எல்லாத்தையும் டிஜிட்டல் ஆக்கணும்"னு எழுதறாங்க, அது இலக்கே இல்லைங்க. "போன வருஷம் பதினோரு ஷிப்மெண்ட் லேட் ஆனதால கப்பலுக்கு பதிலா ஏர்ல அனுப்பினோம், இந்த வருஷம் மூணுக்கு மேல போகக்கூடாது", இதுதான் இலக்கு. ஏன்னா இதுக்கு ஒரு நம்பர் இருக்கு, வருஷக் கடைசில எட்டுச்சா இல்லையான்னு யாரும் மறுக்க முடியாது, முக்கியமா என்ன வாங்கணும் எது வேண்டாம்னு இந்த வரியே சொல்லிடும். ஷிப்மெண்ட் லேட் ஆகறது டையிங்ல இருந்து துணி வராததாலன்னா, ஆஃபீஸ்ல இருபது புது கம்ப்யூட்டர் போட்டு ஒண்ணும் ஆகப்போறதில்ல.

டர்ன்ஓவர்ல எத்தன சதவீதம் டெக்னாலஜிக்கு ஒதுக்கலாம்?

இந்தக் கேள்விக்கு நான் நம்பர் சொல்றதில்லைங்க. பேங்க்குக்கு ஒரு மாதிரி வரும், பனியன் கம்பெனிக்கு வேற மாதிரி வரும், அதே பனியன்லயும் சொந்தமா நிட்டிங், டையிங், பிரிண்டிங் எல்லாம் வச்சிருக்கறவருக்கும், எல்லாத்தையும் ஜாப் ஒர்க் விட்டு வாங்கறவருக்கும் செலவு ஒண்ணா இருக்காது. சதவீதத்துல இருந்து ஆரம்பிச்சா அந்தப் பணத்தை எப்படியாவது செலவு பண்ணணும்னு ஆயிடும். காசு எங்க ஒழுகுதுன்னு பாத்து, அதை அடைக்க எவ்வளவு ஆகும்னு கேட்டு, அங்க இருந்து வாங்க.

சரி, காசு எங்க ஒழுகுதுன்னு எப்படி கண்டுபிடிக்கறது?

அக்கவுண்ட்ஸ்ல போன ரெண்டு வருஷ லெட்ஜரை எடுத்து உக்காருங்க. ஏர் ஃப்ரைட், பையர் (நம்ம சரக்கை வாங்கற வெளிநாட்டுக் கம்பெனி) பிடிச்ச டிஸ்கவுண்ட், குறை சொல்லி கழிக்கற டெபிட் நோட், மிச்சமாகி கிடக்கற துணி, ரெண்டாம் தர பீஸா வித்தது, ஓவர்டைம்னு இந்த ஆறு தலைப்பையும் கூட்டிப் பாருங்க. நெறைய ஓனருக்கு அந்த மொத்தத்தை மொத தடவை பாக்கறப்ப முகம் மாறிடும், நான் பாத்திருக்கேன்.

ஏர் ஃப்ரைட் என்ன பண்ணும்னு ஒரு கணக்கு சொல்றேன். பத்தாயிரம் டீ ஷர்ட், பீஸ் 250 ரூபான்னா ஆர்டர் 25 லட்சம். பேக்கிங்கோட பீஸ் 200 கிராம்னு வச்சா மொத்தம் 2,000 கிலோ. கிலோவுக்கு 250 ரூபா ஏர்ல கேட்டான்னா 5 லட்சம் போச்சு, அதாவது ஆர்டர் மதிப்புல அஞ்சுல ஒரு பங்கு. அந்த ஆர்டர்ல நமக்கு நிக்கற லாபம் அவ்வளவு இருக்குமாங்க? தூத்துக்குடில இருந்து கப்பல்ல போயிருந்தா அதுல சின்ன பங்குதான் ஆகியிருக்கும்.

அடுத்தது துணி. ஒரு பனியனோட அடக்க விலைல பாதிக்கு மேல துணிதான். 40 கோடி கம்பெனிக்கு துணி மட்டும் 20 கோடின்னா, அதுல ஒரே ஒரு சதவீதம் மிச்சம் பண்ணா 20 லட்சம். கட்டிங் டேபிள்ல மார்க்கரை, அதாவது வெட்டற வரைபடத்தை, கேட் (CAD) சாஃப்ட்வேர்ல நெருக்கமா போட்டு, லே போடறப்பவே, அதாவது துணிய அடுக்கடுக்கா விரிக்கறப்பவே, துணி அகலமும் ஜிஎஸ்எம்மும் (சதுர மீட்டருக்கு எத்தன கிராம்ங்கற எடை) செக் பண்ணி பதிஞ்சா அந்த ஒரு சதவீதம் வர்றதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு. நான் இதை எங்க போனாலும் சொல்றது ஏன்னா, கட்டிங் மாஸ்டர் கேக்கற சாஃப்ட்வேருக்கு ரெண்டு வருஷமா காசு இல்லன்னு சொல்லிட்டு ரிசப்ஷன்ல பெரிய ஸ்கிரீன் மாட்டின கம்பெனிய நேர்ல பாத்திருக்கேன், எனக்கு அது ரொம்ப வருத்தமா இருந்துச்சு.

இஆர்பி (ஆர்டர், ஸ்டாக், புரொடக்ஷன், கணக்கு எல்லாத்தையும் ஒரே இடத்துல வைக்கற சாஃப்ட்வேர்) வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு, ஃப்ளோர்ல யாரும் என்ட்ரி போடறதில்ல, நோட்டுலதான் எழுதறாங்க. காசு வீணா?

இதுதான் அதிகமா வர்ற கேள்வி, இதுக்கு கொஞ்சம் நீளமாவே பதில் சொல்றேன்.

ஃப்ளோர்ல இருக்கற சூப்பர்வைசரை எதை வச்சு மதிப்பிடறீங்க? சாயங்காலம் எத்தன பீஸ் வந்துச்சுன்னு மட்டும்தான். அவர்கிட்ட டேப் கொடுத்து பண்டல் பண்டலா பதியுங்கன்னா அவருக்கு அது கூடுதல் வேலை, அதுல ஆல்டர் (திருப்பி சரி பண்ண வேண்டிய பீஸ்) எவ்வளவு ரிஜெக்ஷன் எவ்வளவுன்னு வெளிய தெரிஞ்சா திட்டும் அவருக்குத்தான். அப்ப அவர் ஏன் போடுவார்? அவர் சோம்பேறி இல்லைங்க, அவர் இடத்துல நான் இருந்தாலும் நோட்டுலதான் எழுதி இருப்பேன்.

நான் வேலை பாத்த ஒரு கம்பெனில இதே கதைதான், ஒன்றரை வருஷம் சாஃப்ட்வேர் சும்மா கிடந்துச்சு. ஓனர் வெண்டரை மாத்தணும்னு சொன்னார். அப்ப எங்க புரொடக்ஷன் மேனேஜர் ஒரு யோசனை சொன்னார், பீஸ் ரேட் டெய்லருங்களுக்கு சனிக்கிழமை சம்பளம் போடற கணக்கை நோட்டுல இருந்து எடுத்துட்டு சிஸ்டம்ல பதிஞ்ச பண்டல்ல இருந்து மட்டும் போடலாம்னு. மொத வாரம் பெரிய சண்டை, ரெண்டாவது வாரமும் சண்டை, ஆனா மூணாவது வாரத்துல இருந்து டெய்லருங்களே "அண்ணா என் பண்டல் ஏறலீங்க, பாருங்க"ன்னு வந்து நிக்க ஆரம்பிச்சாங்க. அவங்க கூலி அதுல இருக்கு, அதனால தப்பு வர விடமாட்டாங்க. ரெண்டு மாசத்துல எந்த லைன்ல எவ்வளவு வேலை தேங்கி நிக்குதுன்னு பையரோட பேசி ஆர்டரை கவனிக்கற மெர்ச்சண்டைசர் தன் சீட்ல இருந்தே பாக்க முடிஞ்சுது, ஷிப்மெண்ட் லேட் ஆகும்னு பத்து நாள் முன்னாடியே தெரிஞ்சுது. சாஃப்ட்வேருக்கு புதுசா ஒரு ரூபா செலவு பண்ணலைங்க.

அதனால காசு வீணான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி, இந்த என்ட்ரி போடறதால போடறவருக்கு என்ன கிடைக்குதுன்னு கேளுங்க. பதில் இல்லன்னா வேற சாஃப்ட்வேர் வாங்கினாலும் இதேதான் நடக்கும்.

எங்க முறை தனி முறைங்க, சாஃப்ட்வேரை எங்களுக்கு ஏத்த மாதிரி மாத்தித்தர சொல்லலாமா?

கொஞ்சம் மாத்தலாம். ஆனா எது உண்மையிலயே உங்க தொழிலோட பலம், எது வெறும் பழக்கம்னு பிரிச்சுப் பாக்கணும். ஜெர்மனில லிடில்னு பெரிய சூப்பர் மார்க்கெட் கம்பெனி, 2011ல எஸ்ஏபிங்கற இஆர்பி சாஃப்ட்வேர் வேலைய ஆரம்பிச்சு 2018ல மொத்தமா நிறுத்திட்டாங்க, பத்திரிகைல வந்த கணக்குப்படி சுமார் 50 கோடி யூரோ. ஸ்டாக்கை வாங்கின விலைல மதிப்பு போடறது அவங்க வழக்கம், சாஃப்ட்வேர் விக்கற விலைல போட்டுச்சு, அவங்க வழக்கத்துக்காக அதை மாத்த ஆரம்பிச்சு அது வளந்துகிட்டே போச்சுன்னு சொல்றாங்க. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே தாங்கல. நம்ம சலான் ஃபார்மேட்டுக்காகவும் ரிப்போர்ட்ல எந்தக் கட்டம் எந்தப் பக்கம் வரணும்கறதுக்காகவும் லட்சக்கணக்குல கொடுக்காதீங்க.

வெண்டர் 12 லட்சம்னு கொட்டேஷன் கொடுத்திருக்கார். பட்ஜெட்ல 12 லட்சம் போட்டா போதுமா?

போதாதுங்க. மூணு வருஷத்துக்கு கணக்கு போடுங்க. லைசென்ஸ் 12 லட்சம், இம்ப்ளிமெண்டேஷனும் ட்ரெயினிங்கும் 6 லட்சம், ஃப்ளோருக்கு டேப், வைஃபை, பார்கோடு பிரிண்டர் 4 லட்சம், இது 22 ஆச்சு. ரெண்டாவது வருஷத்துல இருந்து ஏஎம்சி (வருஷப் பராமரிப்புக் கட்டணம்) லைசென்ஸ்ல 18 சதவீதம்னு வச்சா வருஷம் 2.16 லட்சம், ரெண்டு வருஷத்துக்கு 4.32. என்ட்ரி போட, டேட்டா சரி பாக்க ரெண்டு பேர், மாசம் ஆளுக்கு 18,000னா மூணு வருஷத்துக்கு 12.96 லட்சம். மொத்தம் 39 லட்சத்துக்கு மேல. கொட்டேஷனைப் போல மூணே கால் மடங்கு. இது எல்லாத்துக்கும் மேல ஜிஎஸ்டி 18 சதவீதம் சாஃப்ட்வேருக்கும் சர்வீஸுக்கும் வரும், அது இன்புட் டேக்ஸ் கிரெடிட்ல திரும்ப கிடைக்கும்னாலும் கிடைக்கற வரைக்கும் உங்க காசுதான் மாட்டி இருக்கும். இப்ப அந்த 39 லட்சத்தை ஏர் ஃப்ரைட்லயும் துணிலயும் மூணு வருஷத்துல மிச்சமாகறதோட வச்சுப் பாருங்க, வாங்கலாமா வேண்டாமான்னு தெரிஞ்சிடும். வெண்டர் மேல தப்பு இல்ல, அவர் தன் பங்கை மட்டும் எழுதிக் கொடுக்கறார், மிச்சத்தை எழுத வேண்டியது நாம.

சட்டத்துக்காக பண்ற செலவுக்கு இலக்கு எங்க இருக்கு? அது கட்டாயம்தானே?

ஆமா, அதைத் தனித் தலைப்புல போடுங்க, லாபம் கேக்காதீங்க. பில்லை அரசாங்க போர்ட்டல்ல பதிய வேண்டிய இ-இன்வாய்ஸ் முறை 2020 அக்டோபர்ல டர்ன்ஓவர் 500 கோடிக்கு மேல இருக்கறவங்களுக்கு வந்துச்சு, அப்படியே 100, 50, 20, 10ன்னு இறங்கி 2023 ஆகஸ்ட் 1ல இருந்து 5 கோடிக்கு மேல எல்லாருக்கும் ஆச்சு. மூணு வருஷமா கண்ணு முன்னாடி படிப்படியா இறங்கி வந்ததுங்க, அப்படியும் நெறைய பேர் ஜூலை கடைசி வாரத்துல ஓடினாங்க, அவசரத்துக்கு கேட்ட விலைய கொடுத்தாங்க. பிரைவேட் லிமிடெட்டா இருந்தா 2023 ஏப்ரல்ல இருந்து அக்கவுண்டிங் சாஃப்ட்வேர்ல யார் எப்ப எதை திருத்தினாங்கன்னு பதிவாகற எடிட் லாக் இருந்தே ஆகணும், அதை ஆஃப் பண்ண முடியக்கூடாது.

ஆனா ஒண்ணு. கட்டாயத்துக்கு பண்ற செலவுல இருந்தும் தொழிலுக்கு ஆதாயம் எடுக்கலாம். 2011 ஜனவரில ஐகோர்ட் உத்தரவால திருப்பூர் சாயப்பட்டறைங்க மூடினது நம்ம ஊர்ல யாருக்கும் மறக்காது. அதுக்கப்புறம் கழிவுநீர் ஒரு சொட்டு வெளிய விடாத ஜீரோ டிஸ்சார்ஜ் முறைக்கு மாறினது பெரிய சுமைதான், கடன்தான், எத்தனையோ பேர் தொழிலை விட்டே போனாங்க. ஆனா நின்னவங்களுக்கு இன்னைக்கு ஐரோப்பா பையர்கிட்ட பேச அது ஒரு பலமா இருக்கு. இப்ப ஐரோப்பிய யூனியன்ல 2024ல நடைமுறைக்கு வந்த சட்டத்துல டிஜிட்டல் புராடக்ட் பாஸ்போர்ட் வருது, துணிமணி அதுல முன்வரிசைல இருக்கு. நூல் எங்க வாங்கினது, எங்க சாயம் போட்டது, எங்க தச்சதுன்னு லாட் வாரியா காட்ட வேண்டி வரும். அந்தத் தகவலை இன்னைக்கே டிசில (சரக்கோட போற டெலிவரி சலான்ல) எழுத ஆரம்பிச்சா பின்னாடி கடைசி வார ஓட்டம் இருக்காது.

பழைய கம்ப்யூட்டர், பழைய சர்வர் எல்லாம் நல்லா ஓடுதே. எதுக்கு மாத்தணும்?

ஓடற வரைக்கும் ஓடட்டும்கறது செலவை மிச்சம் பண்றது இல்லைங்க, தள்ளிப் போடறது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட மைக்ரோசாஃப்ட் சாதாரண சப்போர்ட்டை நிறுத்திட்டாங்க, அந்தத் தேதி பல வருஷம் முன்னாடியே சொன்னது. ஒரே நாள்ல 30 மெஷின் மாத்தறதை விட வருஷத்துக்கு பத்துன்னு முன்னாடியே பட்ஜெட்ல பிரிச்சிருந்தா வலிச்சிருக்காது.

அமெரிக்கால சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் 2022 டிசம்பர் கடைசில பத்து நாள்ல 16,000க்கு மேல விமானத்தை கேன்சல் பண்ணாங்க. பனிப்புயல்ல ஆரம்பிச்சுது, ஆனா மத்த கம்பெனிங்க ரெண்டு மூணு நாள்ல எழுந்துட்டாங்க, இவங்களுக்கு எந்த பைலட் எந்த ஊர்ல இருக்கார்னு கணக்கு வைக்கற பழைய சாஃப்ட்வேர் திணறிப் போச்சு. அதை மாத்துங்கன்னு தொழிலாளர் சங்கம் வருஷக் கணக்கா சொல்லிட்டு இருந்துச்சு. நூறு கோடி டாலருக்கு மேல நஷ்டம், அதோட அரசாங்கம் போட்ட 14 கோடி டாலர் அபராதம் வேற.

பேக்கப் பத்தி தனியா சொல்லணும். எனக்கு தெரிஞ்ச ஒரு யூனிட்ல ஒரு டிசம்பர்ல ரான்சம்வேர் (பூட்டி வச்சு பணம் கேக்கற வைரஸ்) வந்து டேட்டா எல்லாம் பூட்டிப் போச்சு. பேக்கப் இருந்துச்சு, ஆனா அதே நெட்வொர்க்ல எப்பவும் மாட்டியே இருந்த ஹார்ட் டிஸ்க்ல, அதுவும் சேந்து போச்சு. பேக்கிங் லிஸ்ட் கூட எடுக்க முடியாம ராத்திரி பகலா கார்ட்டனை பிரிச்சு எண்ணினாங்க, அந்த அக்கவுண்டண்ட் அம்மா அழுதத நான் பாத்தேன். மூணு காப்பி, ரெண்டு வேற வேற இடத்துல, ஒண்ணு கழட்டி வெளிய, மூணு மாசத்துக்கு ஒருக்கா அதுல இருந்து திரும்ப எடுத்துப் பாக்கணும். பட்ஜெட் எவ்வளவு சின்னதா இருந்தாலும் இந்த வரிய வெட்டாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன்.

கிளவுடா, சொந்த சர்வரா?

சின்ன கம்பெனிக்கு பெரும்பாலும் கிளவுட் சரி. ஆனா மாசா மாசம் போற காசு கண்ணுக்கு தெரியாது, டாலர்ல பில் வர்றதுன்னா டாலர் ஏறறப்ப அதுவும் ஏறும். வேலைய விட்டுப் போன மெர்ச்சண்டைசரோட மெயில் ஐடிக்கு இன்னும் காசு கட்டறவங்க நெறைய பேர். மூணு மாசத்துக்கு ஒருக்கா யூசர் லிஸ்ட்டை சம்பள லிஸ்ட்டோட ஒத்துப் பாருங்க.

மார்ச் கடைசில கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டா டேக்ஸ் மிச்சமாகுமாமே?

கம்ப்யூட்டருக்கும் சாஃப்ட்வேருக்கும் டிப்ரிசியேஷன் (தேய்மானக் கழிவு) 40 சதவீதம், ஆனா அந்த வருஷத்துல 180 நாளுக்கு குறைவா யூஸ் பண்ணிருந்தா பாதிதான், 20. மார்ச் 28ந் தேதி வாங்கினா பாதிதான் கிடைக்கும். அதே சாமானை செப்டம்பர்ல வாங்கிருந்தா முழுசும் கிடைக்கும், ஆறு மாசம் வேலையும் செஞ்சிருக்கும். டேக்ஸுக்காக வாங்கறது தேவைக்காக வாங்கறது இல்லைங்க.

புது சிஸ்டத்தை எப்ப ஆரம்பிக்கலாம்?

ஷிப்மெண்ட் குவியற மாசத்துல மட்டும் வேண்டாம், தீபாவளி போனஸ் கணக்கு ஓடறப்பவும் வேண்டாம். ஹெர்ஷீஸ் சாக்லேட் கம்பெனி 1999ல 11 கோடி டாலர் போட்டு புது சிஸ்டம் கொண்டு வந்தாங்க, நாலு வருஷ வேலைய ரெண்டரை வருஷத்துல முடிக்கணும்னு நெருக்கி, ஜூலைல ஓட விட்டாங்க. அமெரிக்கால சாக்லேட் விக்கற சீசனே அக்டோபர் கடைசில வர்ற ஹாலோவீன். குடோன்ல சரக்கு இருக்கு, ஆர்டரும் இருக்கு, சிஸ்டம்ல எடுக்க முடியல, சுமார் 10 கோடி டாலர் ஆர்டரை அனுப்ப முடியாம போச்சு. நமக்கு அந்த அளவு இல்ல, ஆனா ஒரு பையர் போனா போனதுதான். ஒரு யூனிட்ல, ஒரு லைன்ல ஆரம்பிச்சு ரெண்டு மாசம் நோட்டையும் சேத்து ஓட்டிப் பாருங்க.

ஆர்டர் திடீர்னு குறைஞ்சா பட்ஜெட்ல எதை வெட்டறது?

2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா நம்ம சரக்குக்கு வரிய 50 சதவீதத்துக்கு ஏத்தினப்ப இந்தக் கேள்வி தினமும் வந்துச்சு. பட்ஜெட்டை முன்னாடியே மூணு பையா பிரிச்சு வச்சிருந்தவங்களுக்கு சுலபமா இருந்துச்சு. கம்பெனி இன்னைக்கு ஓட வேண்டியது ஒண்ணு, இப்ப செய்யற தொழிலை நல்லா செய்ய உதவறது ரெண்டாவது, புதுசா ஒண்ணு முயற்சி பண்றது மூணாவது. மொதப் பையில கை வைக்கக்கூடாது. மூணாவதை நிறுத்தலாம், ஆனா யோசிச்சு, ஏன்னா அமெரிக்காவ மட்டும் நம்பி இருந்தவங்களுக்கு வேற நாட்டு பையரைப் பிடிக்கறதுதான் அப்ப இலக்கே, அதுக்கு வேண்டிய சாம்பிள் டிசைன் சாஃப்ட்வேர், டிரேசபிலிட்டி (எந்த சரக்கு எங்க இருந்து வந்ததுன்னு காட்டற பதிவு) எல்லாம் அந்தப் பையிலதான் இருக்கும். இலக்கு மாறினா பட்ஜெட்டும் மாறணும், எல்லாத்துலயும் சமமா இருபது சதவீதம் வெட்டறது ஈஸி, ஆனா அதுல பேக்கப்பும் வெட்டுப்படும், ரிசப்ஷன் ஸ்கிரீனும் அதே அளவுதான் வெட்டுப்படும்.

ஏஐக்கு ஏதாவது ஒதுக்கணுமா?

சின்னதா ஒதுக்குங்க. பையர் மெயிலுக்கு டிராஃப்ட் எழுத, பையர் அனுப்பற டிசைன் விவரமான டெக் பேக்ல இருந்து அளவு எடுத்து ஷீட்ல போடன்னு இன்னைக்கே உதவுது, ஆள் ஒருத்தர் சரி பாக்கணும். துணில ஓட்டை, கறை கண்டுபிடிக்கற கேமரா மாதிரி பெருசா போறதுக்கு முன்னாடி உங்க ரிஜெக்ஷன் டேட்டா ஒழுங்கா பதிஞ்சிருக்கான்னு பாருங்க, இல்லன்னா அந்தக் கேமரா வந்ததால ரிஜெக்ஷன் குறைஞ்சுதா இல்லையான்னே உங்களால சொல்ல முடியாது.

முடிவு யார் எடுக்கணும், ஐடி ஆளா, ஓனரா?

ஒவ்வொரு வரிக்கும் தொழில் பக்கத்துல இருந்து ஒருத்தர் பேர் இருக்கணும். கேட் சாஃப்ட்வேருக்கு கட்டிங் மாஸ்டர், லைன் டிராக்கிங்குக்கு புரொடக்ஷன் மேனேஜர். துணி ஒரு சதவீதம் குறையணும்கறது கட்டிங் மாஸ்டர் ஒத்துக்கிட்ட நம்பரா இருக்கணும், எங்கள மாதிரி சிஸ்டம்ஸ் ஆளுங்க எழுதின நம்பரா இருக்கக்கூடாது. அப்பாவும் பையனும் சேந்து நடத்தற கம்பெனில பையன் வாங்கணும்பார், அப்பா நோட்டே போதும்பார், நடுவுல மேனேஜர் முழிப்பார். அந்த மாதிரி இடத்துல அப்பாகிட்ட சாஃப்ட்வேர் பத்தி பேசாதீங்க தம்பி, அந்த ஆறு லெட்ஜர் கூட்டலை அவர் முன்னாடி வைங்க. நூல் விலை அம்பது பைசா ஏறினாலும் தூங்காத மனுசங்க அவங்க, அந்த நம்பரைப் பாத்தா அவங்களே கேப்பாங்க.

இந்த வருஷ பட்ஜெட் ஏற்கனவே போட்டாச்சு, இப்ப என்ன பண்றது?

ஏப்ரல் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இருக்கற லிஸ்ட்டை பிரிண்ட் எடுத்து ஒவ்வொரு வரி பக்கத்துலயும் பேனால மூணு எழுதுங்க: எந்தத் தொல்லை குறையும், யார் பொறுப்பு, எந்த மாசம் பாக்கறது. ஒண்ணும் எழுத முடியாத வரி எப்படியும் ரெண்டு மூணு இருக்கும், அதுல இன்னும் ஆர்டர் கொடுக்காததை நிறுத்துங்க. அந்தக் காசுல மொதல்ல பேக்கப், அப்புறம் கட்டிங்.